ஆள் மாறினால் சூழல் மாறுமா?

தெருக்கூத்தில் ஒருவரே இரு வேடம் பூணுவதுண்டு. முடியை மாற்றிக்கொண்டு வந்த பின்னும் முந்தைய வேடத்தின் வசனத்தையே பேசினால் அவை நகைக்கும். கணிப்பொறியிலும் இத்தகைய குழப்பம் நேரும் என்பதை நான் பட்டே அறிந்தேன்.

சூழல் மாறி என்பது யாது? ஒரு நிரல் தொடங்கும்போது அதன் கையில் கொடுத்தனுப்பப்படும், பெயரும் மதிப்பும் கொண்ட சிறு குறிப்பே அது. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இம்முறை இடம்பெற்றது. ‘ஹோம்’ என்னும் மாறி பயனரின் இல்ல அடைவையும், ‘பாத்’ என்பது கட்டளைகளைத் தேடவேண்டிய இடங்களையும் குறிக்கும். ஒரு நிரல் தொடங்கி வைக்கும் பிற நிரல்களும் இக்குறிப்புகளை மரபுரிமையாகப் பெறும். நன்மைக்கும் தீமைக்கும் இதுவே வேர்.

எங்கள் துறை நூலகப் பட்டியல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உள்ளது. அத்தளத்தின் பெயர், பயனர், கடவுச்சொல் மூன்றையும் என் கணக்கில் சூழல் மாறிகளாக வைத்திருந்தேன். ஒருநாள் ‘சு’ கட்டளையால் பயிற்சிக் கணக்கிற்கு மாறி, ‘நூல்கள்’ என்னும் அட்டவணையைத் துடைத்தேன். பயிற்சித் தளத்திலும் அதே பெயரில் ஓர் அட்டவணை உண்டு. ஆனால் அழிந்ததோ உண்மைப் பட்டியல்! முந்திய இரவு எடுத்த நகல் காப்பாற்றியது. அன்றைய பதிவுகளை மட்டும் ஏட்டைப் பார்த்து, இருட்டும்வரை நானே மீண்டும் பதிந்தேன்.

காரணங்கள் இரண்டு. ஒன்று, வெறும் ‘சு’ என்பது ஹோம், ஷெல் போன்ற சிலவற்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை அப்படியே விட்டுவிடும். இரண்டு, பயிற்சிக் கணக்கின் அமைப்புகள் ‘புரொஃபைல்’ கோப்பில் இருந்தன. அதனைப் படிப்பது உள்நுழைவு ஷெல் மட்டுமே.

‘சு’வை அடுத்து ஒரு சிறுகோடு இட்டிருந்தால், பழைய சூழல் பெரும்பாலும் களையப்பட்டு, புதிய பயனர் நேரே உள்நுழைந்தது போன்ற நிலை உண்டாகியிருக்கும். ‘சூடோ’ கட்டளையோ இயல்பாகவே பெரும்பாலான மாறிகளை நீக்கிவிடும். அதனால் எதிர்மாறான இடரும் உண்டு: வேண்டிய மாறியும் மறைந்து, நிரல் தன் அமைப்பைக் காணாது தடுமாறும்.

ஆகவே மாணவ நண்பர்களே! பயனர் மாறியதும் ‘என்வ்’ என்னும் கட்டளையை ஒருமுறை இட்டுப் பாருங்கள். அது சூழல் முழுவதையும் பட்டியலிட்டுக் காட்டும். ‘நான் யார்?’ என்று கேட்பதோடு அமையாமல், ‘என் கையில் இருப்பவை யாருடையவை?’ என்றும் கேட்கப் பழகுவோம்.