கரிசல் நிலத்துப் பால்வாடி

விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் காடுகளில் மழை பெய்த ஆண்டுகளில் புரட்டாசி முதல் பங்குனி வரை வேலை ஓய்வதில்லை. களையெடுப்பு, பருத்தி எடுப்பு, மிளகாய்ப்பழம் பறிப்பு என எதிலும் பெண்களின் கைகளே மிகுதி. மழை பொய்த்தால் வேலிக்கருவை வெட்டவோ, கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைகளுக்கோ செல்ல வேண்டும். விளைந்தாலும் காய்ந்தாலும் காலையில் வேலைக்குப் புறப்படும் தாய், மூன்று வயதுக் குழந்தையை எவரிடம் விடுவாள்? முன்பெல்லாம் அப்பொறுப்பு வீட்டின் மூத்த பெண்பிள்ளையைச் சேர்ந்தது. தம்பியை இடுப்பில் சுமந்தவளுக்குப் பள்ளி எட்டாததாயிற்று.

இந்நிலையை மாற்றத் தொடங்கியது பால்வாடி. பால் கொடுக்கும் இடம் என்று பொருள்கொள்ளத் தோன்றும். 'பால்' என்பது இங்கே குழந்தையைக் குறிக்கும் இந்திச் சொல். எனினும் அந்தப் பிழையான பொருளிலும் ஓர் உண்மை உண்டு. ஊருக்குள் முதலில் வேரூன்றியது உணவே. 1975 அக்டோபர் 2இல் நடுவண் அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1982 ஜூலை 1இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், ஊர்ப்புற மையங்களின் குழந்தைகளுக்கும் சோறிட்டது. இன்று மாநிலத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன.

உரிமையும் முயற்சியும்

சோற்றுக்குக் கிடைத்த உறுதி பாடத்திற்குக் கிடைக்கவில்லை. 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசமைப்புத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குக் கீழுள்ளோருக்கோ, கல்வி அளிக்க அரசு முயலும் என்றே கூறியது. முயற்சி நடைபெறவில்லை என்று நீதிமன்றத்தில் முறையிடுவது எளிதன்று.

மையத்தை நடத்தும் பணியாளர் பெறுவது ஊதியம் அன்று, மதிப்பூதியம். 2018 செப்டம்பரில் நடுவண் அரசு அறிவித்த தொகை மாதம் 4,500 ரூபாய். அதற்குமேல் மாநில அரசு தன் பங்கைச் சேர்க்கிறது. இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டென்று 2022இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எடை பார்ப்பது, கருவுற்ற பெண்களை வீடுதேடிக் காண்பது, பதிவேடு எழுதுவது, கதை சொல்வது ஆகிய அனைத்தும் அவர் பணியே. நேரம் போதாதபோது முதலில் நின்றுபோவது கதை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெரி மழலையர் பள்ளி ஆய்வு, வறிய கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தது. அப்பள்ளியில் பயின்றோர், பயிலாதோரைவிட நாற்பது வயதில் மிகுதியாக ஈட்டினர். அங்கே ஏறத்தாழ ஆறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். வாரந்தோறும் வீட்டுக்கும் வந்தார். பலனுக்கு அடிப்படை கட்டடம் அன்று, இந்த ஏற்பாடே. இதற்குப் பணம் வேண்டும். கல்விச் செலவில் பத்து விழுக்காட்டையேனும் மழலைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று யுனிசெஃப் 2019இல் வலியுறுத்தியது. உலகில் 17.5 கோடிக் குழந்தைகள் மழலைக் கல்வி பெறவில்லை என்பதும் அதன் கணிப்பு.

அதே ஆண்டு சனவரியில் தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. கட்டணம் செலுத்த இயன்றோர் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகின்றனர். கூலிக்குச் செல்லும் தாய்க்கு வாய்த்தது ஊர் மையம் ஒன்றே. அதுவும் பிற்பகலில் மூடப்படும். தீப்பெட்டி ஆலையோ மாலைவரை நடக்கும். இடைப்பட்ட நேரத்தில் குழந்தை யார் கையில் இருக்கிறது என்று கேட்டால், பள்ளிவிட்டு ஓடிவரும் அக்காளையே இன்றும் பல வீடுகள் காட்டும்.