உள்ளரங்க விளையாட்டும் மங்கிய விளக்கும்

ராஜபாளையத்திலிருக்கும் அன்பு மருமகனுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாமா எழுதுவது.

பள்ளி விளையாட்டை உள்ளரங்கில் படம் எடுக்க முனைபவர் முதலில் அறிய வேண்டியது தம் கேமராவை அன்று, அந்த அரங்கின் விளக்கை என்பதே இக்கடிதத்தின் கருத்து. இவ்விரு ஊர்களிலும் உள்ளரங்கம் எனப்படுவது பல நேரங்களில் தகரக் கூரையிட்ட பள்ளியின் கூடமாகவோ, முகூர்த்தம் இல்லாத நாளில் கிடைக்கும் கல்யாண மண்டபமாகவோ அமைந்துவிடுகிறது. இறகுப்பந்தும் மேசைப்பந்தும் சிலம்பமும் கராத்தேயும் அங்கேதான் நடக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்திலேயே நிற்பதால், மாலையில் சூரியன் அடிவானத்தைத் தொடும் முன்பே மலைக்குப் பின் மறைந்துவிட, சன்னல் வெளிச்சத்தில் தொடங்கிய ஆட்டம் குழல்விளக்கின் தயவில் முடிகிறது. கண் மெல்ல மெல்ல இருட்டுக்குப் பழகிக்கொள்ளுமாகையால் பார்வையாளருக்கு இது தெரிவதில்லை. கேமராவுக்கு அந்தச் சலுகை இல்லை.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ் எனப்படும். உச்சி வெயிலில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸாக இருக்கும் ஒளி, இத்தகைய கூடத்தில் 200 லக்ஸ் அளவில் நின்றுவிடுவதுண்டு. ஓடியாடும் பிள்ளையைக் கலங்காமல் பிடிக்க, ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு, நொடியில் 500-இல் ஒரு பங்கு நேரமே திறந்திருக்க வேண்டும். 200 லக்ஸில் அவ்வேகத்தை வைத்தால், லென்ஸின் துளை எஃப்/1.8 என்ற அகலத்தில் இருக்கும்போது, உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண் சுமார் 2000 போதுமானது, எஃப்/2.8-க்கு 5000 வேண்டும். கேமராவோடு சேர்த்து விற்கப்படும் ஜூம் லென்ஸை முழுக்க நீட்டினால் துளை எஃப்/5.6-க்குச் சுருங்கிவிடுவதால் 20000 வேண்டியிருக்கும். எனவே விலை குறைந்த 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்று, பார்வைக்குப் பகட்டான அந்த ஜூமைவிட இவ்வேலைக்குப் பலமடங்கு உதவும். தொலைவை ஈடுகட்டக் கால்கள் இருக்கின்றன.

ஐ.எஸ்.ஓ. உயர்ந்தால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும் என்று அஞ்சி ஷட்டரை மெதுவாக்குவது இளையவர்களிடம் காணப்படும் பொதுவான பிழை. படம் நாளிதழில் வெளியானால் அப்புள்ளிகள் பெரும்பாலும் அச்சோடு கலந்து மறைந்துவிடும். கலங்கிய முகம் மறையாது. இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் பிற்பாடு வெளிச்சமாக்குவதும் வீண், ஏனெனில் நிழல் பகுதிகளில் புள்ளிகள் அப்போதுதான் கொத்துக்கொத்தாக எழும்.

இனி விளக்கின் துடிப்பு. இந்தியாவில் மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று செல்வதால், சோக் வைத்த பழைய குழல்விளக்கும் மலிவான எல்.ஈ.டி. விளக்கும் நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு இது புலப்படாது. 100-இல் ஒரு பங்கு நொடி திறந்திருக்கும் ஷட்டர் ஒரு துடிப்பை முழுதாக வாங்கிக்கொள்ளும். 500-இல் ஒரு பங்கு நொடியில் அதன் ஐந்தில் ஒரு பகுதியே அகப்படுவதால், தொடர்ந்து எடுத்த படங்களில் ஒன்று வெளுத்தும் அடுத்தது மஞ்சள் பூத்து இருண்டும் வரும், எடுத்தவரோ கேமரா கெட்டுவிட்டது என்று பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார். ஆட்டத்துக்கு முந்தைய நாளே அனுமதி பெற்று அரங்குக்குச் சென்று, வெள்ளைச் சுவர் ஒன்றை அவ்வேகத்தில் அடுத்தடுத்துப் பத்துப் படம் எடுத்துப் பார்த்தால் விளக்கின் குணம் தெரிந்துவிடும். 2014-இல் கேனான் 7டி மார்க் 2 கேமராவில் வந்து, பின்னர் வேறு பலவற்றிலும் இடம்பெற்ற துடிப்பு தவிர்க்கும் வசதி, ஒளி உச்சத்தில் இருக்கும் கணத்துக்கு ஷட்டரைக் காத்திருக்கச் செய்கிறது. அஃது இருக்குமானால் போட்டுவைக்க வேண்டும். ஓசையில்லாத மின்னணு ஷட்டரைத் தவிர்ப்பது நலம், அது படத்தை வரிவரியாக வாசிப்பதால் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழக்கூடும்.

வெளிச்சம் மிகவும் போதாமல் ஷட்டரை மெதுவாக்கியே தீர வேண்டிய இடத்தில் அசைவே தணியும் கணத்தைத் தேட வேண்டும். எம்பிக் குதிக்கும் ஆட்டக்காரரின் உடல் உச்சியில் ஒரு கணம் மேலும் ஏறாது, கீழும் இறங்காது. உச்சிக்கு 20-இல் ஒரு பங்கு நொடி முன்னும் பின்னும் அதன் வேகம் நொடிக்கு அரை மீட்டருக்குள்தான், ஆகவே 250-இல் ஒரு பங்கு நொடியில் அது நகர்வது 2 மி.மீ. மட்டுமே. அரை மீட்டர் கீழிறங்கித் தரையைத் தொடும்போது அதே நேரத்தில் 12 மி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். கை வேகமாகச் சுழலுமாகையால் அது சற்றுக் கலங்கினும் குற்றமில்லை, முகம் தெளிந்திருந்தால் போதும். இறகுப்பந்தின் பந்தைத் துரத்துவதில் பயனில்லை: 2023-இல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி கின்னஸ் பதிவுக்காக அடித்த மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் பந்து 500-இல் ஒரு பங்கு நொடிக்குள் 30 செ.மீ. கடந்துவிடும், பள்ளிப் பிள்ளை அடிப்பது அதில் பாதியேயானாலும் படத்தில் கோடாகத்தான் விழும்.

கல்யாணங்களில் பழகிய கை ஃபிளாஷை நாடும். அமெரிக்கக் கூடைப்பந்து அரங்குகளில் கூரையிலேயே ஃபிளாஷ் கட்டுவதைச் சுட்டி இதை நியாயப்படுத்துவோர் உண்டு. கூரையிலிருந்து விழும் ஒளி வேறு, மேசைப்பந்து ஆடும் சிறுமியின் கண்ணுக்கு நேராக அடிக்கும் ஒளி வேறு. அதனால் ஆட்டத்தில் ஒரு புள்ளியை இழந்த பிள்ளையின் கோபம் நியாயமானதாகவே இருக்கும், பயிற்சி ஆசிரியர் வெளியே போகச் சொன்னால் அதுவும் நியாயம்தான்.

நிற்கும் இடத்தைப் பொறுத்தவரை, சன்னல்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். பிள்ளைகளின் படத்தை வெளியிடுமுன் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் ஒப்புதல் பெறுவதை மருமகன் தவிர்க்கக் கூடாது.

பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டியைப் படம் எடுத்து முடித்து இங்கு வருகையில், மெமரி கார்டில் உள்ள எதையும் அழிக்காமல், கெட்டுப்போனவை உட்பட அனைத்தையும் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
மாமா