முட்டையைத் திருப்பாதே! பங்குனி ஆமை நடத்தும் ஒரு கிளாஸ்

வருஷா வருஷம் ஜனவரியில ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும், நம்ம டெல்டாவோட கிழக்குக் கரையில ராத்திரி நேரத்துல ஒரு வேலை நடக்குது. சீர்காழி பக்கம் கூழையார், பூம்புகாரை ஒட்டின வானகிரி, தெற்கே கோடியக்கரை என்று பல இடங்களில் வனத்துறையினரும் ஊர்க்காரர்களும் மணலைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். அவர்கள் தேடுவது பங்குனி ஆமையின் முட்டைக்குழியை. பாடப்புத்தகத்தில் நாம் 'ஆலிவ் ரிட்லி' என்று படித்த அதே ஆமைதான்.

இந்த வேலைக்குக் கல்லூரி மாணவர்களும் புதுசு இல்லை. சென்னையில் 'ஸ்டூடன்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்' என்ற மாணவர் அமைப்பு 1988-லிருந்து நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே இரவு நடை போகிறது. கிடைத்த முட்டைகளை வேலி போட்ட பொரிப்பகத்துக்கு மாற்றி, குஞ்சு வந்ததும் கடலில் விடுகிறார்கள்.

"எடுத்து வேற இடத்துல புதைக்கிறதுதானே, இதுல என்ன இருக்கு?"ன்னு தோணலாம். இருக்கு. அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

1. ஏன் திருப்பக்கூடாது?

கோழி முட்டை இன்குபேட்டரில் ஒரு மோட்டார் இருக்கும். கரு ஓட்டில் ஒட்டிவிடாமல் இருக்க, அது முட்டையைத் தினமும் பல தடவை திருப்பும். ஆமை முட்டைக்கு நேர் எதிர். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உள்பக்கம் மேலே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டை புரண்டால் கரு செத்துப்போகும். அதனால்தான் தன்னார்வலர்கள் ராத்திரியே குழியைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். எடுக்கும்போதும் சுழற்றாமல், குலுக்காமல் எடுக்கிறார்கள்.

2. குழியின் டிசைன்

தாய் ஆமை பின்னங்கால்களால் தோண்டும் குழி ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழம். வாய் குறுகி, அடி அகன்று, குடம் மாதிரி இருக்கும். உள்ளே நூறுக்கு மேல் முட்டைகள். ஒவ்வொன்றும் ஓட்டின் வழியே ஆக்ஸிஜன் வாங்கி, கார்பன் டை ஆக்ஸைடை வெளியே விட வேண்டும். மணல் காற்றுப் புகும்படி இருக்கணும், அதே சமயம் காய்ந்தும் போகக்கூடாது. பொரிப்பகத்தில் அதே ஆழம், அதே வடிவத்தில் கையால் தோண்டுகிறார்கள். கரு வளர வளர முட்டைக் கூட்டமே சூட்டை வெளியிடும் என்பதால், ஒரு குழிக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு மீட்டராவது விடுவது வழக்கம்.

3. சூடுதான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும்

கடல் ஆமைக்கு நமக்கு இருப்பது போல எக்ஸ், ஒய் குரோமோசோம் கணக்கு கிடையாது. பொரிய ஆகும் 45 முதல் 60 நாட்களில், நடு மூன்றில் ஒரு பங்கு நாட்களில் மணல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதே பாலினத்தைத் தீர்மானிக்கும். சுமார் 29, 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து வரும். அதைவிடச் சூடானால் பெண்கள் அதிகம், குளிர்ந்தால் ஆண்கள் அதிகம். ரொம்பச் சூடானால் எதுவுமே பொரியாது. பொரிப்பகத்துக்கு மேலே கட்டும் நிழல்வலை வெறும் பந்தல் இல்லை. பல வருஷம் கழித்துக் கடலில் ஆணும் பெண்ணும் எத்தனை இருக்கும் என்பதில் அதற்கும் பங்கு உண்டு.

4. குஞ்சு வந்த பிறகு

மேல்மணல் குளிர்ந்ததும், பெரும்பாலும் ராத்திரியில், குஞ்சுகள் கூட்டமாக வெளியே வரும். வெளிச்சமான அடிவானம் எதுவோ அதுதான் அவற்றுக்குக் கடல். ரிசார்ட் விளக்கும் தெருவிளக்கும் எரிந்தால் அவை ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும். போட்டோவுக்காக டப்பில் போட்டு வைத்திருப்பதும் தப்பு. கரையைத் தாண்டி ஆழத்துக்கு நீந்துவதற்கான சக்தி அந்த டப்பிலேயே தீர்ந்துவிடும். உடனே, மணலில் நடக்கவிட்டு அனுப்புவதுதான் முறை.

பொரிப்பகம் மட்டும் போதுமா?

போதாது. ஆயிரம் குஞ்சுக்கு ஒன்று பிழைத்துப் பெரிதாகும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முட்டையிடும் வயதுக்கு வரப் பத்து, பதினைந்து வருஷம் ஆகும். அப்படி வளர்ந்த ஆமைகள்தான் 2025 ஜனவரியில் சென்னையையும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கு மேல் செத்து ஒதுங்கின. ஆமைக்கு மூச்சுவிட மேலே வர வேண்டும். இழுவலையில் மாட்டினால் வர முடியாது. வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டமும் மேலே ஒரு திறப்பும் வைத்தால் மீன், இறால் உள்ளே போகும், ஆமை வெளியே வந்துவிடும். இந்தக் கருவி ஏற்கெனவே இருக்கிறது. பிடிபட்ட மீனில் கொஞ்சம் தப்பிவிடும் என்ற மீனவர்களின் கவலையைத் தீர்க்கும் டிசைன்தான் நம்மைப் போன்றவர்களுக்கான வேலை. ஃபைனல் இயர் புராஜெக்ட் தேடுகிறவர்கள் யோசிக்கலாம்.

நாம என்ன பண்ணலாம்?

குழியையோ ஆமையையோ பார்த்தால் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த ஆமை இருக்கிறது. அனுமதி இல்லாமல் முட்டையை எடுப்பது, நல்ல எண்ணத்தில் செய்தாலும், குற்றம். பீச்சில் ராத்திரி டார்ச்சு, ஃபிளாஷ் அடிக்காதீர்கள். நாய்கள் குழியைத் தோண்டும் என்பதால், சாப்பாட்டு மிச்சத்தைப் போட்டு அவற்றைக் கரைக்கு இழுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு விஷயம். அகநானூறு 160-ஆம் பாட்டில் ஆமை கடற்கரை மணலில் முட்டையைப் புதைப்பது வருகிறது. குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை காவல் இருப்பதாகக் கவிஞர் சொல்கிறார். நிஜத்தில் அப்பா ஆமை கரைக்கே வராது, அம்மா ஆமையும் மூடிவிட்டுப் போய்விடும். அந்தக் காவல் வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கு. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு பஸ்ஸும் இருக்கு.