எதை எடுப்பது, எதை எழுதுவது

டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

"அண்ணா, இதுக்கு நாமே ஒரு டூல் எழுதிடலாமே" என்று ஒருவர் வருகிறார். "ஓப்பன் சோர்ஸ்லயே இருக்கு, இறக்கிக்கலாம்" என்று அடுத்தவர் வருகிறார். ஆளாளுக்குச் சொல்லி மாளவில்லை, எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. எல்லோருக்கும் ஒரே மாதிரி தேவைப்படுவதை எழுத உட்காராதீர்கள். நேரக் கணக்கையே பாருங்கள். இலங்கை நேரமும் நம் நேரம்தானே, யுடிசியோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் முடிந்தது என்று தோன்றும். 1996 மே மாதம் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். பழைய ஐந்தரைக்குத் திரும்பியது 2006 ஏப்ரலில். கொழும்பு வாடிக்கையாளரின் 2001ஆம் ஆண்டுப் பதிவை உங்கள் கோட் அரை மணி பிசகாகக் காட்டும். உலகம் முழுவதற்கும் இப்படிப்பட்ட மாற்றங்களைத் திரட்டி வைத்த டைம் ஜோன் டேட்டாபேஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

2. நம் கம்பெனிக்கு மட்டுமே உரியதை வெளியே தேடாதீர்கள். நைட் ஷிப்ட் படி, எந்தத் தொகைக்கு மேல் போனால் யார் ஒப்புதல் என்பதெல்லாம் நாமே எழுத வேண்டியவை. பெரிய மென்பொருளை இறக்கி நமக்கேற்ப வளைக்கப் பார்த்தால், கடைசியில் வளைவது நாம்தான்.

3. பத்து வரிக்கு லைப்ரரி தேடாதீர்கள். லெஃப்ட்பேட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி வெறும் 11 வரி. அதை எழுதியவர் 2016 மார்ச்சில் கோபித்துக்கொண்டு நீக்கினார். எங்கெங்கோ பில்டுகள் நின்றுபோயின.

4. கிட்ஹப் ஸ்டார்களை எண்ணிப் பயனில்லை. கடைசி ரிலீஸ் எப்போது, பராமரிப்பவர் எத்தனை பேர், லைசென்ஸ் என்ன என்று பாருங்கள். எக்ஸ்இசட் உலகமே நம்பிய கம்ப்ரெஷன் கருவி. நெடுங்காலம் அதைச் சுமந்தவர் ஒற்றை ஆள். உதவ வந்தவர் போல நுழைந்தவர் பின்கதவு வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைப் பிடித்தது லாகின் அரை வினாடி தாமதமானதால்தான்.

5. எடுப்பது, எழுதுவது இரண்டுக்கும் நடுவில் ஒரு மோசமான வழி உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் அதில் விழுகிறார்கள். ஓப்பன் சோர்ஸை எடுத்து, உள்ளே நாலு இடத்தில் திருத்தி, யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்வது. அன்றைக்கு வேலை முடிந்துவிடும், சிக்கல் பின்னால் வரும். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா லைப்ரரியில் ஓட்டை வெளிப்பட்டபோது, ஒரே மாதத்தில் பேட்ச்மேல் பேட்ச் வந்தது. அப்படியே பயன்படுத்துபவர் வெர்ஷன் எண்ணை மாற்றி, டெஸ்ட் ஓட்டி, ரிலீஸ் செய்யலாம். ரகசியத் திருத்தம் வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் கையால் ஒட்ட வேண்டும். அதற்குள் திருத்தியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். திருத்தம் நல்லதென்றால் மூலத்துக்கே அனுப்புங்கள். அவர்கள் ஏற்கவில்லையா? உள்ளே கை வைக்காமல், வெளியே ஒரு உறை போட்டு அதில் எழுதுங்கள்.

6. "லினக்ஸை உருவாக்கிய லினஸ் கிட்டைத் தானே எழுதலையா?" என்று கேட்பீர்கள். எழுதினார். 2005இல், லினக்ஸ் கெர்னலின் கோடை வைக்கப் பயன்படுத்திய பிட்கீப்பரின் இலவச அனுமதி போனது. கையில் கிடைத்த மற்றவை கெர்னலின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அதன் பிறகே எழுதினார், உடனே எல்லோருக்கும் திறந்தும் விட்டார். சில மாதங்களில் பராமரிப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்தார். நீங்கள் எழுதப்போகும் டூலை உங்களுக்குப் பின் யார் பார்ப்பார்? அவரிடம் சம்மதம் வாங்கி, பெயரை ரீட்மீயில் போட்டுவிட்டு என்னிடம் வாருங்கள்.