துவிச்சக்கர வண்டியும் சாலை நெறியும்

தமிழ் மொழியில் வழியைக் குறிக்கும் சொற்கள் பல. ஆறு, நெறி, வழி, அதர், மறுகு, பெருவழி என நம் முன்னோர் இடத்திற்கும் தன்மைக்கும் ஏற்ப வெவ்வேறு பெயர் வழங்கினர். அவற்றுள் ஆறு, நெறி, வழி என்னும் மூன்றும் நிலத்திற் கிடக்கும் பாதையை மட்டுமின்றி, மாந்தர் தம் வாழ்வில் மேற்கொள்ளும் முறைமையையும் உணர்த்துவன. ஒழுக்கம் என்னும் சொல்லும் 'ஒழுகு' என்னும் பகுதியிற் பிறந்ததே. நீர் ஒழுகுதலையும் மாந்தர் நடந்துகொள்ளுதலையும் அப்பகுதி ஒருங்கே சுட்டும். ஆகவே, சாலையிற் செல்லும் செலவும் ஒழுக்கத்தின் ஒரு கூறே என்பதை நம் மொழியே நமக்குக் கற்பிக்கின்றதன்றோ? இக்கருத்தை உட்கொண்டு, நம் நகர வீதிகளில் துவிச்சக்கர வண்டியில் செல்வோரும் மோட்டார் வண்டி ஓட்டுவோரும் ஒருங்கு செல்லவேண்டிய முறைமையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நம் நகரின் வீதிகள்

மலைக்கோட்டையின் உச்சி தரையினின்று ஏறக்குறைய 83 மீட்டர் உயரமுடையது. அங்கு நின்று வடக்கே நோக்குவார்க்குக் காவிரியும், அதன் அப்பால் திருவரங்கத் தீவும், அதற்கும் அப்பால் கொள்ளிடமும் தோன்றும். கண்ணைத் தாழ்த்தி அடியில் நோக்கினாலோ, சின்னக்கடைத் தெருவும் பெரிய கடைவீதியும் நந்திகோயில் தெருவும் நெருங்கிய கோடுகளாகத் தோன்றும். இவை கோட்டைக்குள் அடங்கியிருந்த தெருக்கள். நடந்து செல்வார்க்கும் மாட்டு வண்டிக்கும் அமைந்தவை. கோட்டையின் புறமதில் இடிக்கப்பட்டது. மெயின்கார்டு கேட் மட்டும் பழமையின் சான்றாக நிற்கின்றது. மதில் நீங்கியும் தெருவின் அகலம் பெருகவில்லை. மாட்டு வண்டி சென்ற அதே இடத்தில் இன்று பஸ்ஸும் லாரியும் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும் தலைச்சுமை தூக்குவாரும் ஒருங்கே செல்லவேண்டியிருக்கின்றது. இடம் சிறிது; அதனை வேண்டுவோர் பலர். இதுவே நம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாய சிக்கல்.

ஆற்றைக் கடந்து திருவரங்கம் சென்றால் வேறொரு காட்சி காணலாம். அவ்வூர் ஏழு பிராகாரங்களாக, ஒன்றனுள் ஒன்று அடங்கியது. உத்திர வீதிகளும் சித்திரை வீதிகளும் கோயிலைச் சூழ்ந்து செல்கின்றன. திருவிழாவில் தேர் வலமாகவே வரும். மக்கள் வெள்ளமும் வலமாகவே செல்லும். எல்லோரும் ஒரே திசையில் செல்வதால் எதிர்ப்படுவாரும் குறுக்கிடுவாரும் அரியர். இடப்புறமாகச் செல்லுதலைச் சட்டமாகக் கொண்ட நம் நாட்டில், வட்டச் சந்திகளிலும் வண்டிகள் நடுத்திட்டைத் தம் வலப்புறத்தில் வைத்தே சுற்றுகின்றன. திருவிழாக் கூட்டம் வழக்கத்தாற் பெற்றதும், பொறியியலார் வட்டச் சந்தியால் பெற விழைவதும் ஒரே பயனாதல் வியப்பன்றோ? ஆனால் எல்லோரும் ஒரு திசையிற் செல்லும் வாய்ப்பு எல்லா இடத்தும் இல்லை. வழிகள் ஒன்றையொன்று வெட்டும் நாற்சந்தியில் யார் முந்துவது, யார் நிற்பது என்னும் வினா எழும். அவ்வினாவுக்கு விடையாக வந்ததே விளக்கு.

விளக்கு வந்த வரலாறு

சாலை விளக்கின் தாய் இருப்புப்பாதை. ஜே. பி. நைட் என்னும் இரயில்வே பொறியியலார், புகைவண்டிக்குக் கைகாட்டியும் விளக்கும் அமைக்கும் முறையைச் சாலைக்குக் கொண்டுவந்தார். 1868 டிசம்பரில் இலண்டன் மாநகரில், பார்லிமெண்டு மன்றத்தின் அருகில், வாயு விளக்குப் பொருந்திய கைகாட்டி மரம் ஒன்று நிறுவப்பட்டது. போலீஸ் சேவகர் ஒருவர் அடியில் நின்று அதனை இயக்கினார். சில வாரங்களுக்குள் வாயு கசிந்து விளக்கு வெடித்தது, சேவகர் காயமுற்றார், அம்முயற்சியும் கைவிடப்பட்டது. பின்னர், 1914 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மின்விளக்குக் குறியும், 1920 இல் டிட்ராய்ட் நகரில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் மூவண்ண விளக்கும் தோன்றின.

மிதிவண்டியோ இவ்விளக்கினும் மூத்தது. இரு சக்கரமும் ஒத்த அளவினவாய், சங்கிலியால் இயங்கும் இக்கால வண்டியின் வடிவம் 1885 இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவரால் செவ்வைப்பட்டது. 1888 இல் டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர் சக்கரத்திற்கு உரிமை பெற்றார். 1949 இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி. ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை நிறுவப்பட்டபின், நம் நாட்டிலேயே செய்த வண்டி நடுத்தர மக்களுக்கும் எட்டியது. என் பாட்டனார் பொன்மலை இரயில்வேப் பணிமனையில் வேலை பார்த்தவர். சங்கு ஊதும் வேளையில் சாலை முழுவதும் சைக்கிள்களே நிறைந்து, மோட்டார் வண்டி அவற்றிடை வழி கேட்டுச் செல்லும் என்று அவர் கூறக் கேட்டிருக்கிறேன். இன்று வழி கேட்பது சைக்கிளின் முறையாயிற்று.

எனினும் சைக்கிள் மறைந்துவிடவில்லை. அண்டையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990 களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிள் விடுதலையும் நாட்டுப்புறப் பெண்டிர்க்குக் கற்பித்தது. பல்லாயிரம் பெண்கள் அதனைக் கற்றனர். சந்தைக்கும் வேலைக்கும் பிறர் துணையை எதிர்நோக்காமல் தாமே சென்று வரும் ஆற்றல் அவர்க்குக் கிட்டியது. நம் மாநில அரசு மேனிலைப் பள்ளி மாணவ மாணவியர்க்கு விலையின்றி மிதிவண்டி வழங்கிவருவதையும் யாவரும் அறிவர். ஆதலின், சாலையில் சைக்கிளுக்கு இடம் வேண்டும் என்பது சிலரது பொழுதுபோக்கின்பொருட்டு எழும் வேண்டுகோள் அன்று. ஏழை மாணவியின் கல்வியும் கூலியாளின் உணவும் அதனைப் பற்றி நிற்கின்றன.

முறைப்பாசனமும் மூவண்ண விளக்கும்

விளக்கின் கருத்தை விளங்கிக்கொள்ள நாம் இலண்டன் வரை செல்லவேண்டுவதில்லை. நம் காவிரியே போதும். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகின்றது. கல்லணையில் மேலும் பங்கிடப்படுகின்றது. பின்னர் வாய்க்கால்தோறும் மடைதோறும் நீர் பிரிந்து செல்கின்றது. நீர் குறைந்த காலத்தில் எல்லா வாய்க்காலுக்கும் ஒருங்கே விடுவதில்லை. இன்ன வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுகின்றனர். அதனை முறைப்பாசனம் என்பர். மேல்மடையான் தன் முறை தீர்ந்ததும் அடைத்தால்தான் கடைமடையான் வயலுக்கு நீர் எட்டும். அடையாவிடில் மேட்டில் பயிர் தழைக்கும். கடையில் நாற்று கருகும்.

நாற்சந்தியும் அத்தகையதே. அங்கே பங்கிடப்படுவது நீரன்று, இடமும் காலமும். பச்சை என்பது மடை திறப்பு. சிவப்பு என்பது மடை அடைப்பு. மஞ்சள் என்பது அடைக்கப்போகிறோம் என்னும் எச்சரிக்கை. இம்முறையில் பஸ்ஸின் முறை வேறு, சைக்கிளின் முறை வேறு என்பதில்லை. ஆனால் யாரேனும் முறை மீறினால் அதன் கேடு கடைமடைக்கே முதலில் வந்து சேரும். சாலையில் கடைமடை யார்? பஸ்ஸை நோக்கக் கார் எளியது. காரை நோக்கச் சைக்கிள் எளியது. சைக்கிளை நோக்க நடப்பவர் எளியர். 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துக்களில் மாண்டோர் 1,68,491 பேர் என மத்திய அரசின் கணக்குக் கூறுகின்றது. மணிக்குப் பத்தொன்பது உயிர் என்க. அவருள் 32,825 பேர் நடந்து சென்றோர். கடைமடை கருகுகின்றது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

விளக்கின் குறை

இனி, விளக்கு ஒன்றே போதுமோ என்பதை ஆராய்வாம். நாற்சந்தி ஒன்றின் அகலம் 30 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் வண்டி ஒரு விநாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர் செல்லும். சந்தியை இரண்டரை விநாடிக்குள் கடந்துவிடும். மணிக்கு 15 கிலோமீட்டர் செல்லும் சைக்கிளோ விநாடிக்கு நான்கு மீட்டரே செல்லும். கடப்பதற்கு ஏழு விநாடிக்குமேல் வேண்டும். மஞ்சள் விளக்கு மூன்று விநாடி எரியுமாயின், பச்சையின் இறுதியில் முறைப்படி நுழைந்த சைக்கிள்காரர், எதிர்வழிக்குப் பச்சை விழும்போது நட்டநடுவில் இருப்பார். அவர் சட்டத்தை மீறியவர் அல்லர்; விளக்கின் கணக்கே அவரை எண்ணாமற் போடப்பட்டது. எல்லாத் திசையிலும் சில விநாடி சிவப்பே எரியுமாறு செய்தலும், நிறுத்தக் கோட்டிற்கு முன்னே சைக்கிள்களுக்கெனத் தனியிடம் வகுத்து அவை முதலிற் புறப்படச் செய்தலும் இக்குறைக்கு மருந்தாகும். பிற நாடுகளில் இவை வழக்கில் உள்ளன.

ஒருகாலத்தில் நாகப்பட்டினத்திற் கோட்டை கட்டி வாழ்ந்த ஒல்லாந்தரின் தாய்நாடு இதற்கு நல்ல சான்று. இன்று அந்நாடு சைக்கிளுக்குப் பெயர்பெற்றது. ஆனால் அப்பெயர் தானே வந்ததன்று. 1971 இல் அச்சிறு நாட்டின் சாலைகளில் 3,000 பேருக்கு மேல் மாண்டனர். அவருள் 400 பேருக்கு மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் வீதிக்கு வந்து முறையிட்டனர். அரசினர் செவிசாய்த்து, பல ஆண்டுகள் முயன்று, சைக்கிளுக்கெனத் தனிப் பாதையும் தனி விளக்கும் அமைத்தனர். நம் சென்னை மாநகராட்சியும் 2014 இல், நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் முதன்மை அளிக்கும் கொள்கை ஒன்றை ஏற்றது. கொள்கை ஏட்டினின்று தெருவிற்கு இறங்குதல் வேண்டும்.

இருவர் கடன்

வண்டியோட்டுவோர் கடனை முதற்கண் கூறுவாம். வலிமை மிக்கார்க்கே கடன் மிகுதி. மணிக்கு 50 கிலோமீட்டரில் வருபவர், ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி எடுப்பாராயின், அதற்குள் வண்டி 14 மீட்டர் சென்றுவிடும். 30 கிலோமீட்டரில் வருபவர்க்கு அது 8 மீட்டரே. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பௌதிக வகுப்பிற் கற்பது. நடப்போர், சைக்கிளில் செல்வோர், சிறுவர், முதியோர் ஆகிய எளியோர்பால் ஓட்டுநர் தனிக்கவனம் கொள்ளவேண்டும் என்று 2017 இல் மத்திய அரசு வகுத்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும் விதிக்கின்றன. சைக்கிளை உரசாது இடைவெளி விட்டுக் கடத்தலும், நின்ற காரின் கதவைத் திறக்குமுன் பின்னே நோக்குதலும் எவர்க்கும் செலவில்லாத அறங்கள்.

சைக்கிளில் செல்லும் நமக்குக் கடன் இல்லையோ? "சைக்கிள் யாரைக் கொல்லப்போகிறது? சிவப்பில் சென்றால்தான் என்ன?" என்று நண்பர் பலர் கூறுவர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு ஒருநாட் காலை, காவிரிப் பாலத்தின்மீது ஒரு பஸ் என்னை ஓரத்திற்கு நெருக்கிச் சென்றது. கைப்பிடிச் சுவரில் முழங்கை உராய்ந்தது. சினத்தோடு வந்தவன், வகுப்பிற்கு நேரமாகிவிட்டதென்று அடுத்த சந்தியிற் சிவப்பு விளக்கைப் பொருட்படுத்தாமல் புகுந்தேன். தன் முறையை நம்பிச் சாலையைக் கடந்துகொண்டிருந்த பூக்கார மூதாட்டி ஒருவர்மீது என் வண்டி மோதியது. கூடை கவிழ்ந்து பூச்சரங்கள் மண்ணில் சிதறின. அவர் முழங்காலில் இரத்தம் கசிந்தது. நான் சரங்களைப் பொறுக்கிக் கொடுத்தவாறே, பஸ் என்னை நெருக்கியதையும் நேரமானதையும் தடுமாற்றத்தோடு கூறினேன். அவர் என் முகத்தை நோக்கி, "தம்பி, பஸ்காரன் உன்னை இடிக்கிறான், நீ என்னை இடிக்கிறாய், நான் யாரைப் போய் இடிப்பது?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு என்னிடம் விடையில்லை, இன்றும் இல்லை. மேல்மடையானைப் பழித்த நான், எனக்குக் கீழும் ஒரு மடை உண்டென்பதை மறந்திருந்தேன்.

அன்று முதல் நான் கைக்கொண்ட சிலவற்றை நண்பர்க்கு உரைக்கின்றேன். சிவப்பில் நிறுத்தக் கோட்டிற்குப் பின்னே நில்லுங்கள். இடப்புறம் திரும்பும் பஸ்ஸின் இடப்பக்கத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள். நீண்ட வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தினும் உள்வாங்கிச் செல்லும். அருகில் ஒட்டி நிற்பவர் ஓட்டுநர் கண்ணிற் படுவதும் அரிது. திரும்புமுன் பின்னே நோக்கிக் கைகாட்டுங்கள். இரவில் முன்னே விளக்கும் பின்னே செவ்வொளி வில்லையும் இன்றி வெளியேறாதீர்கள். எதிர்த்திசையில் குறுக்குவழி தேடாதீர்கள். நடப்பவர்க்கு எப்போதும் வழி விடுங்கள்.

முடிவுரை

1976 இல் திறந்த காவிரிப் பாலம் பழுது பார்ப்பதற்காக 2022 இறுதியில் மூடப்பட்டு, 2023 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. அந்நாட்களில் இரு கரையிலும் உள்ளோர் சுற்றுவழியிற் சென்று துன்புற்றதை நினைவுகூர்வோர், பொதுவழி என்பது எத்துணை அரிய செல்வம் என்பதை உணர்வர். அச்செல்வம் பஸ்காரர்க்கும் சைக்கிள்காரர்க்கும் பூக்கார மூதாட்டிக்கும் ஒத்த உரிமையுடையது. விளக்கு முறையைக் காட்டும். சட்டம் முறை தவறியவரை ஒறுக்கும். ஆனால் தன் முறை தீர்ந்ததும் மடையை அடைக்கும் மனம் அவரவர்க்கே வரவேண்டும். அம்மனத்தையே நம் முன்னோர் நெறி என்றனர் போலும்.