ராஜபாளையம் நாயும் தடை ஓட்டமும்: ஊர் நம்புவதும் உள்ளபடி இருப்பதும்

இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரியில் நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டு நாய் ஆகியவற்றோடு நம் ராஜபாளையமும் அதில் இடம்பிடித்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இந்த வெள்ளை நாயைப் பற்றிப் பெருமை பேசாதவர்கள் குறைவு. ஆனால் "அஜிலிட்டி போட்டிக்குப் பழக்குங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள். பெருமை பேசியவர்களே "அதெல்லாம் இதுக்குச் சரிப்படாது" என்று கையை விரித்துவிடுவார்கள்.

அஜிலிட்டி என்பது நாயும் அதை வளர்ப்பவரும் சேர்ந்து ஓடும் தடை ஓட்டம். 1978இல் லண்டன் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில், குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து இடைவேளைக் காட்சியாக இதைத் தொடங்கினார்கள். 1996 முதல் உலகப் போட்டியும் நடக்கிறது. தாண்டுகுச்சிகள், டன்னல், சீசா பலகை, ஏறி இறங்கும் சாய்பலகை, நெளிந்து நெளிந்து போகவேண்டிய கம்பு வரிசை என 15 முதல் 22 தடைகள் இருக்கும். நடுவர் எண் போட்டிருக்கும் வரிசையில், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நாய்க்குக் கயிறு கிடையாது. கூட ஓடுபவர் நாயைத் தொடக்கூடாது, தடையையும் தொடக்கூடாது. களத்துக்குள் தின்பண்டமும் காட்டக்கூடாது.

"எங்க நாய் ஆறடிச் சுவரையே தாண்டும். இதெல்லாம் அதுக்கு எம்மாத்திரம்?"

சுவரைத் தாண்டுவது உண்மையாகவே இருக்கட்டும். உலக நாய்க் கூட்டமைப்பின் விதிப்படி பெரிய நாய்களுக்கான தாண்டுகுச்சியின் உயரம் அதிகபட்சம் 60 சென்டிமீட்டர்தான். நன்றாக வளர்ந்த ஆண் ராஜபாளையத்தின் தோள் உயரமே அதைவிட அதிகம். ஆகவே உயரம் ஒரு சோதனையே இல்லை. சோதனை வேறு இடத்தில் இருக்கிறது. டன்னலின் விட்டமும் 60 சென்டிமீட்டர். அதற்குள் இந்த நாய் முதுகைத் தாழ்த்தி, நடையைக் குறுக்கி ஓட வேண்டும். நெளிந்து போகவேண்டிய 12 கம்புகளுக்கு இடையிலும் அதே 60 சென்டிமீட்டர்தான் இடைவெளி. நேர்கோட்டில் பாய்ந்து ஓடுவதற்கென்றே அமைந்த நீண்ட உடம்பு, ஒவ்வோர் அடிக்கும் வளைய வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுப் பெண் நாயிடம் இதை அன்றாடம் பார்க்கிறேன். முதல் குச்சியை இறகு போலத் தாண்டுகிறாள். இரண்டாவது குச்சி வலப்பக்கம் இருந்தால், வேகம் அடங்காமல் மைதானத்தின் பாதி தூரம் வட்டமடித்துவிட்டுத்தான் திரும்பி வருகிறாள். போட்டியில் அந்த வட்டத்திலேயே நேரம் முடிந்துபோகும். அதனால் குச்சிகளை எடுத்து வைத்துவிட்டு, வேப்ப மரத்தைச் சுற்றிவரப் பழக்கினோம். மரத்தை ஒட்டி எவ்வளவு நெருக்கமாகத் திரும்புகிறாளோ அவ்வளவு சீக்கிரம் ஈரல் துண்டு கிடைக்கும். பின்னங்காலை உள்ளே வாங்கி, உடம்பை மரத்துப் பக்கம் சாய்த்துத் திரும்பக் கற்றுக்கொண்ட பிறகுதான் குச்சிக்கு வேலை வந்தது. ராஜபாளையம் வளர்ப்பவர்கள் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது தாண்டுவதை அல்ல, திரும்புவதைத்தான்.

"நாட்டு நாய்க்கு வேகம் உண்டு, புத்தி கிடையாது."

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஸ்டான்லி கோரன் 1994இல் வெளியிட்ட நூலில் உள்ள தரவரிசையை மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் பார்டர் கோலி முதலிடம், வேட்டை இனமான ஆப்கன் ஹவுண்ட் கடைசி இடம். அந்த வரிசை எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். வட அமெரிக்காவில் கீழ்ப்படிதல் போட்டிகளுக்கு நடுவராக இருந்தவர்களிடம் கருத்துக் கேட்டுப் போட்ட வரிசை அது. சொன்னதை எந்த நாய் உடனே செய்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. அந்தப் பட்டியலில் ராஜபாளையம் இல்லவே இல்லை. பெயரே இடம்பெறாத பட்டியலை வைத்து ஓர் இனத்தை மட்டம் தட்டுவது நியாயமில்லை.

ராஜபாளையம் போலவே கண்ணால் பார்த்து விரட்டும் இனம் முதோல். எல்லைப் பாதுகாப்புப் படை வளர்த்த ரியா என்ற முதோல் பெண் நாய், 2024இல் லக்னோவில் நடந்த அகில இந்தியக் காவல் பணித் திறன் போட்டியில் மோப்பத் தடம் பிடிப்பதில் முதலிடம் பெற்றது. அந்தப் போட்டியின் சிறந்த நாயும் அதுவே. வெளிநாட்டு இனங்களையெல்லாம் முந்தித்தான் அது வந்தது. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

சொல்லிக்கொடுக்கும் விதத்தில்தான் நாம் தவறுகிறோம். "ரெண்டு போட்டாத்தான் படியும்" என்பது இங்கே வேதவாக்கு. வேட்டை இன நாய்கள் அடிக்கு மிக விரைவில் ஒடுங்கிவிடும். அடிக்கிற கையைப் பார்த்துக்கொண்டே ஓடும் நாய் தடையைப் பார்க்காது. வேகவைத்த கோழி ஈரல் ஒரு சின்னத் துண்டு, உடனே ஒரு பாராட்டு, அவ்வளவு போதும். ஊர்ப் பாசத்தில் பால்கோவா ஊட்டுபவர்களும் உண்டு. அத்தனை சர்க்கரையும் பாலும் நாயின் வயிற்றுக்கு ஆகாது.

"சொன்ன பேச்சு கேட்காது. மண்டு நாய்."

சில குட்டிகளுக்கு உண்மையிலேயே சொன்னது காதில் விழுவதில்லை. இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது நெடுநாளாகத் தெரிந்த சேதி. தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தரும் அதே வகை அணுக்கள் காதின் உட்பகுதியிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறன் அழிந்துவிடும். முழு வெள்ளையாக இருக்கும் இனங்களில் இந்த ஆபத்து அதிகம். டால்மேஷனிலும் இதே தொல்லை உண்டு.

குட்டி தூங்கும்போது அதன் பார்வைக்குப் படாத இடத்திலிருந்து, தரை அதிராமல் ஓசை எழுப்பிப் பாருங்கள். கூடப் பிறந்தவை எழுந்து பார்க்க, ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குச் செவி நரம்பின் மின்னலைகளை அளக்கும் சோதனை இருக்கிறது. காது கேளாத நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது. தெரிந்தே மறைத்து விற்பது அந்தக் குட்டிக்கும் வாங்குகிறவருக்கும் செய்யும் துரோகம்.

அதற்காக அந்த நாயின் வாழ்வு முடிந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அஜிலிட்டியில் நாய் பெரும்பாலும் பார்ப்பது, கூட ஓடுபவரின் தோளும் பாதமும் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதைத்தான். வாயால் கொடுக்கும் கட்டளை அதற்குத் துணை மட்டுமே. அமெரிக்காவில் காது கேளாத நாய்கள் கைச்சைகையை மட்டும் நம்பி இந்தப் போட்டியில் ஓடுகின்றன. வேலி இல்லாத இடத்தில் மட்டும் அவிழ்த்துவிடக் கூடாது.

"முயல் விரட்டவிட்டாத்தான் வேகம் வரும்."

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். 2021 முதல் நம் மலையடிவாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. விரட்டும் ஆசையைத் தீர்க்க, கயிற்றில் கட்டி இழுக்கும் பிளாஸ்டிக் பை போதும். வெளிநாடுகளில் அதையே ஒரு தனிப் போட்டியாக நடத்துகிறார்கள்.

"நம்ம ஊரு நாய், வெயில் ஒண்ணும் செய்யாது."

செய்யும். நாய் வியர்வையால் உடம்பைக் குளிர்விப்பதில்லை, மூச்சிரைத்துத்தான் குளிர்விக்கிறது. ராஜபாளையத்தின் மெல்லிய வெள்ளை ரோமத்துக்குக் கீழே இளஞ்சிவப்புத் தோல், அதே நிறத்தில் மூக்கு. அதிக வெயிலில் இரண்டும் வெந்துபோகும். சூரியன் ஏறும் முன்பே பயிற்சியை முடித்துவிட வேண்டும். கண்மாய்க் கரையில் ஓடவிடுபவர்கள் முடிந்ததும் பாதங்களைத் திருப்பிப் பாருங்கள். நெருஞ்சி முள் விரலிடுக்கில் ஒளிந்திருக்கும். மார்பு ஆழமான நாய் இது. தின்ற கையோடு ஓடவிட்டால் வயிறு முறுக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

"குட்டியிலேயே தாண்டவிட்டாத்தான் பழகும்."

உலகக் கூட்டமைப்பின் போட்டியில் 18 மாதம் நிறையாத நாய்க்கு இடமில்லை. பெரிய நாய்களின் எலும்பு முனைகள் இறுகவே ஒன்றரை ஆண்டு வரை ஆகும். அதுவரை குச்சி தரையில் கிடக்கட்டும், மரத்தைச் சுற்றுவதும் கூப்பிட்டால் வருவதும் போதும்.

"சாதி நாயா இருக்கணும்."

உலகப் போட்டிக்கு வம்சாவளிச் சான்று கேட்கிறார்கள், அது உண்மை. ஆனால் பிரிட்டனில் கலப்பின நாய்கள் தொடக்கம் முதலே ஓடுகின்றன. அமெரிக்கக் கென்னல் கிளப்பும் 2010இல் கதவைத் திறந்துவிட்டது. அழகுக் கண்காட்சியில் நடுவர் பல்லையும் வாலையும் பார்ப்பார். இங்கே பார்ப்பது பிழை எத்தனை, நேரம் எவ்வளவு என்பது மட்டும்தான். தெருவில் எடுத்து வளர்த்த நாய்க்குக் களம் எளிதாகவே இருக்கும், அதன் உடம்பு சின்னது, சட்டென்று திரும்பும்.

"ராஜபாளையம் ஒரே ஆளுக்குத்தான் அடங்கும், மத்தவங்களைக் கடிச்சிரும்."

இந்த இனம் எச்சரிக்கை மிகுந்தது, அறியாதவரை எளிதில் நெருங்கவிடாது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இனம் கலந்துவிடும் என்று பயந்து குட்டியிலிருந்தே கூண்டிலும் சங்கிலியிலும் வைத்து, வீட்டாரைத் தவிர வேறு முகமே காட்டாமல் வளர்த்தால் எந்த நாயும் மிரண்டு கடிக்கத்தான் செய்யும். களத்துக்குள் ஒரு நடுவர் நடந்துகொண்டே இருப்பார், வெளியே நூறு பேர் கைதட்டுவார்கள். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் பல மனிதர்களையும் ஓசைகளையும் பார்த்த குட்டிக்கு இவையெல்லாம் ஒரு பொருட்டாகாது. மருத்துவரிடம் கேட்டுத் தடுப்பூசியைப் போட்டுவிட்டு, கையில் தூக்கிக்கொண்டாவது கடைத்தெருவையும் பஸ் ஸ்டாண்டையும் காட்டுங்கள்.

ராஜபாளையம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தடைகளை வாங்க அவசரப்படாதீர்கள். நாளைக் காலையில் சுற்றுச்சுவர் உள்ள ஓர் இடத்தில் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, பெயர் சொல்லி ஒரு முறை கூப்பிடுங்கள். நாய் திரும்பி வந்தால் வேலையைத் தொடங்கலாம். வராவிட்டால் அதைத்தான் முதலில் பழக்க வேண்டும்.