டிஃப் லாக்: எப்போது மிதிக்கணும், எப்போது கூடாது?



ஈர நிலத்தில் டிராக்டரின் ஒரு பின்சக்கரம் சும்மா சுத்தும். கெட்டித் தரையில் இருக்கும் மறு சக்கரம் அசையாது. இஞ்சினில் சக்தி இருந்தும் வண்டி ஏன் நகரலை?

காரணம் டிஃபரன்ஷியல். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்காகப் பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரங்கள் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகின்றன. ஆனால் திருப்பும் விசையைச் சமமாகத்தான் பங்கிடும். சேற்றில் வழுக்கும் சக்கரம் 10 பங்கு விசைதான் ஏற்கும் என்றால், கெட்டித் தரையில் நிற்பதற்கும் அதே 10 பங்குதான் கிடைக்கும்.

இதற்கு இரண்டு வழி உண்டு.

முதலாவது, சில கார்களில் உள்ள லிமிடெட் ஸ்லிப். உள்ளே கிளட்ச் தட்டுகளோ விசேஷப் பல்சக்கரங்களோ இருக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால், மறு சக்கரத்துக்குக் கூடுதல் விசை தானாகவே போகும். 3 மடங்கு வரை தரும் வகை என்றால் 10 பங்கு 30 ஆகும். வங்கிக் கடனுக்கு வரம்பு வைத்து ஜாமீன் போடுவது மாதிரி. உதவி உண்டு, அளவும் உண்டு. அதனால் வளைவில் தொந்தரவு இல்லை.

இரண்டாவது லாக். இரண்டு சக்கரமும் ஒரே அச்சாகப் பூட்டிக்கொள்ளும். பிடிப்புள்ள சக்கரத்துக்குத் தேவையான விசை முழுதும் போகும். மஹிந்திரா தார் ஜீப் சிலவற்றில் இது தானே பூட்டும். நம்ம டிராக்டரில் காலால் மிதிக்கணும். பூட்டிவிட்டால் வண்டி நேராகப் போகவே பார்க்கும், திரும்ப மறுக்கும்.

ஆகவே, வழுக்கும் இடம் வருமுன்பே, மெதுவாக நேரே போகும்போது மிதியுங்கள். சக்கரம் ஏற்கெனவே சுத்தினால், கிளட்சை மிதித்து அது நின்ற பிறகே லாக் போடுங்கள். வரப்போரம் திரும்புமுன் காலை எடுத்துவிடுங்கள். விடுபடாவிட்டால் கிளட்சை ஒருமுறை மிதித்து விட்டால் பெரும்பாலும் விடுபடும். ரோட்டில் வேண்டவே வேண்டாம்.

இரண்டு சக்கரமும் புதைந்துவிட்டால் லாக் உதவாது. அங்கே ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் முன்பக்கம் தூக்கி, டிராக்டர் பின்னோக்கிக் கவிழலாம். குதிக்கக்கூட நேரம் இருக்காது. சக்கரத்தில் கட்டை கட்டி ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. சக்கரத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி, ரிவர்ஸில் மெல்ல எடுங்கள். முடியலைன்னா இன்னொரு டிராக்டரைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு சங்கதி. சுத்தும் சக்கரம் ஈர மண்ணைப் பூசி மெழுகி, காற்றும் நீரும் போகும் துளைகளை அடைத்துவிடும். தொழு உரமும் பசுந்தாளும் போட்டுப் பல வருஷம் பொலபொலப்பாக்கிய மண் ஒரே நாளில் இறுகிப்போகும். லாக் இருக்கிறதே என்று ஈரத்தில் இறங்காதீர்கள். உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை ஒட்டி நின்றால் காத்திருங்கள், உதிர்ந்தால் இறங்கலாம்.